குடும்பக் காருக்கு டயர் மாற்றுவது எப்படி: பட்டன் பார்ப்பதிலிருந்து மறுநாள் காற்று அளப்பது வரை

டயர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன சைஸ்?" அடுத்தது "எந்தக் கம்பெனி போடலாம்?" நாம் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நானும் பல வருடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நனைந்த ரோட்டில், பின் சீட்டில் பிள்ளைகளும் டிக்கி நிறையச் சாமானும் இருக்கும்போது, சட்டென்று பிரேக் மிதித்தால் இந்த டயர் எங்கே போய் நிற்கும் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் அப்புறம்.

முதலில், மாற்ற வேண்டுமா என்று பாருங்கள்

காரைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வையுங்கள். அப்போதுதான் முன் டயரின் உள் ஓரம் கண்ணுக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், நன்றாக இருப்பதுபோலத் தெரியும் டயர், உள் ஓரத்தில் கம்பி எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கலாம். நின்றபடி சுற்றிவந்து பார்த்தால் இது தெரியாது. குனிந்துதான் ஆக வேண்டும்.

பட்டன்களுக்கு நடுவே டயரைச் சுற்றி ஓடும் பள்ளங்களில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். சில இடங்களில் குறுக்கே சின்னத் திட்டாக ரப்பர் தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயர் மொட்டையாகிவிட்டது என்று அர்த்தம். பல நாடுகளில் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதுதான். திட்டு கண்ணில் படவில்லை என்றால் பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன முக்கோணத்தையோ 'டிடபிள்யூஐ' என்ற எழுத்துகளையோ தேடுங்கள். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் திட்டு இருக்கும்.

ஆனால் 1.6 வரை காத்திருக்காதீர்கள். புது கார் டயரில் பள்ளம் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். அந்தப் பள்ளத்தின் வேலை டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீருக்கு வழி விடுவது. வழி போதவில்லை என்றால் வேகத்தில் டயர் ரோட்டை விட்டு எழும்பித் தண்ணீரின் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் பிடிக்காது. பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே போனதும் ஈர ரோட்டில் பிடிப்பு நன்றாகவே குறையத் தொடங்கும். காய்ந்த ரோட்டில் இது தெரியாது என்பதுதான் ஆபத்து. வண்டி எப்போதும்போல ஓடும், மழை வரும் வரை. என் காரில் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுகிறேன். ஆழம் பார்க்கும் கருவி கைக்கு அடக்கமானது, விலையும் பெரிதில்லை. ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாமல் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள்.

அந்த மூன்று அளவும் வித்தியாசப்பட்டால், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி பிழைத்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. பட்டனைக் கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல்போலவும் தட்டுப்பட்டாலும் அலைன்மென்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால், புதுசும் அதே இடத்தில் அதே மாதிரி தேயும்.

பட்டன் நிறைய இருந்தும் மாற்ற வேண்டிய டயர்கள் உண்டு. பக்கச் சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். பள்ளத்தில் வேகமாக விட்டாலோ நடைபாதை ஓரத்தில் மோதினாலோ இப்படி ஆகும். இதற்கு ரிப்பேரே கிடையாது, எந்த நேரமும் வெடிக்கலாம். அதேபோல, ஆணி குத்தியது பட்டன் பகுதியில் என்றால், துளையும் ஏறக்குறைய 6 மி.மீ.க்குள் இருந்தால், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து பேட்ச் போட்டு ஓட்டலாம். பக்கச் சுவரில் பஞ்சர் என்றால் மாற்றுவதுதான் வழி.

வயது இன்னொரு கணக்கு. ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரின் டயரும் கிழடாகும். ரப்பருக்குள் கலந்திருக்கும் ஒரு வகை மெழுகு, டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் மேலே கசிந்து வந்து அதைக் காக்கிறது. நின்றே கிடக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைப்பதில்லை. வெயிலும் ஓசோனும் சேர்ந்து பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். கார் கம்பெனிகள் பல 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் 10 வருடத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்கின்றன. வாரக் கடைசியில் மட்டும் ஓடும் வீட்டுக் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். ஸ்டெப்னியும் இந்தக் கணக்கில் சேரும்.

சைஸ்: பழைய டயரைப் பார்த்து எழுதாதீர்கள்

கார் உங்களிடம் வருவதற்கு முன் யாராவது சைஸை மாற்றிப் போட்டிருக்கலாம். அதனால் சரியான சைஸை டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குப் பின்னால் இருக்கும். காரோடு வந்த புத்தகத்திலும் இருக்கும்.

உதாரணத்துக்கு 185/65 ஆர்15 88ஹெச் என்று இருக்கிறது என்று வையுங்கள். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் இது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், இது அங்குலத்தில். ஒரே வரிசையில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு முக்கியமான கணக்கை நீங்களே போடலாம். 185-இல் 65 சதவீதம் 120.25. மேலும் கீழும் இரண்டு சுவர், ஆக 240.5. 15 அங்குல ரிம் 381 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. இப்போது கடையில் "185 ஸ்டாக் இல்லை, 195/65 போட்டுக்கோங்க, அகலம்தான் கொஞ்சம் கூட" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 195-இல் 65 சதவீதம் 126.75. மொத்தம் 634.5 மி.மீ. உயரமும் 13 மி.மீ. கூடிவிட்டது, அதாவது 2 சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 102-இல் போகும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் உள்ளே எங்காவது உரசவும் வாய்ப்புண்டு. அதுவே 195/60 என்றால் 615 மி.மீ., பழைய அளவுக்கு ஒரு சதவீதம்தான் குறைவு. ஒரே அகலம், ஆனால் இரண்டாவது எண் மாறியதும் விஷயமே மாறுகிறது, பாருங்கள்.

அகலமான டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அகலம் கூடக் கூடத் தண்ணீரின் மேல் மிதக்கும் சாத்தியமும் கூடும், ஸ்டியரிங் கனக்கும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். பெரிய ரிம் போட்டுச் சுவரை ஒல்லியாக்கினால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்கு வரும். வயதானவர்கள் ஏறும் வண்டி என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் சைஸையே போடுவதுதான் என் யோசனை. அதில் இரண்டு சைஸ் கொடுத்திருந்தால், உங்கள் ரிம்மின் விட்டத்துக்குரியதைப் போடுங்கள்.

கடைசி எண்ணும் எழுத்தும்

88ஹெச் என்று முடிந்ததே, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. குடும்பக் காருக்கு அதுதான் முக்கியம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், நான்கும் சேர்ந்து 2,240 கிலோ. 82 என்றால் 475 கிலோ, 91 என்றால் 615, 94 என்றால் 670. சைஸ் ஒன்றாகவே இருந்தும் இந்த எண் குறைவான டயர் கடையில் இருக்கும், விலையும் குறையலாம். ஐந்து பேரும் ஊருக்குப் போகும் மூட்டைகளும் ஏறினால் அந்த வித்தியாசம் டயரில் சூடாகத் தெரியும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணோ அதற்கு மேலோ இருக்கட்டும், கீழே மட்டும் போக வேண்டாம். 'எக்ஸ்எல்' என்று போட்டிருந்தால் கூடுதல் எடை தாங்கும்படி பலப்படுத்திய டயர். பேட்டரியால் ஓடும் கார்கள் கனமானவை, அவற்றுக்குப் பெரும்பாலும் அந்த வகைதான் பொருந்தும்.

ஹெச் என்பது வேகம். டி 190, ஹெச் 210, வி 240 கிலோமீட்டர் வரை. "நான் 100-ஐயே தாண்டுவதில்லை, எனக்கெதற்கு 210?" என்று கேட்பீர்கள். இந்த எழுத்து, நீண்ட நேரம் வேகமாகச் சுழலும்போது வரும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அதனால் இதிலும் கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

எந்த டயர்?

சைஸும் எண்ணும் பொருந்தும் டயர்கள் ஏழெட்டு இருக்கும். இங்கேதான் ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரப் பிடிப்பு, நீண்ட ஆயுள், எரிபொருள் சிக்கனம், சத்தமின்மை என்று எல்லாவற்றிலும் முதலிடம் பிடிக்கும் டயர் இல்லை. கடினமான ரப்பர் மெதுவாகத் தேயும், ஆனால் நனைந்த ரோட்டைப் பிடிக்காது. மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ரப்பரில் சிலிகா சேர்க்கும் முறை 1990-களில் பரவிய பிறகு ஈரப் பிடிப்பையும் சிக்கனத்தையும் ஓரளவு ஒன்றாகக் கொண்டுவர முடிந்தது. ஆனாலும் எதையோ கொடுத்துத்தான் எதையோ வாங்க வேண்டியிருக்கிறது. குடும்பக் காருக்கு நான் கொடுக்கச் சொல்வது ஆயுளை, வாங்கச் சொல்வது ஈரப் பிடிப்பை.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் வேலை சுலபம். எரிபொருள், ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றையும் அது சொல்லும். 2021 மே மாதத்திலிருந்து முதல் இரண்டுக்கும் ஏ முதல் இ வரை ஐந்து படிகள். டயரும் மழை மேகமும் இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் ஏ அல்லது பி இருக்கும் டயரைத் தேடுங்கள். அமெரிக்க முறையில் பக்கச் சுவரிலேயே 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். 400 என்றால் 100 என்ற அடிப்படை டயரைப்போல நான்கு மடங்கு ஓடும் என்று கணக்கு. ஆனால் அந்த எண்ணைக் கம்பெனியே தன் டயருக்குக் கொடுத்துக்கொள்கிறது, அதனால் வேறு வேறு கம்பெனிகளை இதை வைத்து ஒப்பிடாதீர்கள். அதன் பக்கத்தில் 'ட்ராக்ஷன்' என்று ஏஏ, ஏ, பி, சி என நான்கு தரம் இருக்கும். ஈரமான தரையில் நேராகப் போகும்போது பிரேக் பிடித்துச் சோதித்த தரம் அது. வளைவில் எப்படி இருக்கும், தண்ணீரில் மிதக்குமா என்பதை அது சொல்லாது. ஆனாலும் நான் ட்ரெட்வேரைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பனி விழும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் வெயில்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். மூன்று சிகரமும் நடுவில் பனிச் செதிலும் பொறித்த டயர்தான் பனியில் சோதித்துத் தேறியது. 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் அந்தச் சோதனையில் தேறியது என்று பொருளில்லை. பனியே காணாத ஊரில் இருப்பவர் இவற்றையெல்லாம் தாண்டிப் போய்விடலாம்.

பழைய டயர், ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயரின் மேல் புது பட்டன் ஒட்டியது) பற்றி: பயன்படுத்திய டயர் உள்ளே எங்கே அடி வாங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கையில் பணம் குறைவு என்றால் பெயர் பெற்ற கம்பெனியின் சாதாரண மாடலைப் புதிதாக வாங்குங்கள்.

இரண்டா, நான்கா? எங்கே போடுவது?

நான்கையும் ஒன்றாக மாற்ற முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் இரண்டிரண்டாக. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு தேய்மானம் இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் பெரும்பாலும் நான்கையும் மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால் அது கூடுதல் சுற்று சுற்றும். அந்த வித்தியாசம் உள்ளே கியர்களைச் சும்மா இருக்க விடாது.

இரண்டு மட்டும் வாங்கினால் புதியதை எங்கே போடுவது? பின்னால்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் காரில் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. "முன் வீல்தானே சார் இழுக்குது, புதுசு முன்னாடியே இருக்கட்டும்" என்றார் டயர் மாட்டியவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு மழை நாளில் ஒரு வளைவில் திரும்பினேன். ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன் சக்கரங்கள் தண்ணீரை வாரிக்கொண்டு போயின, ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் மட்டும் பக்கவாட்டில் நழுவியது. எதிரே வண்டி எதுவும் வராததால் பிழைத்தோம். ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் என் மகள் ஆவி படிந்த ஜன்னலில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கண்ணாடியின் குறுக்கே நீளமாக இழுபட்டிருந்தது.

முன் டயர் பிடிப்பை இழந்தால் ஸ்டியரிங் லேசாவது கையிலேயே தெரியும். வண்டி வளையாமல் நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடிக்கும். பின் டயர் இழந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வண்டி சுழலும். தேர்ந்த ஓட்டுநர்களே தடுமாறும் இடம் அது. அதனால் முன் சக்கரம் இழுக்கும் காரானாலும் சரி, பட்டன் அதிகமுள்ள ஜோடி பின்னாலேயே இருக்கட்டும். கடையில் மறுத்துப் பேசினாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3624 என்றால் 2024-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் இந்த நான்கு இலக்கம் இல்லாமலிருந்தால் மறுபக்கத்தைப் பாருங்கள். மாட்டிவிட்டால் அது வண்டிக்கு அடியில் போய்விடும். எனக்கு ஒருமுறை புதிது என்று எடுத்து வைத்த ஜோடியில் ஒன்று சில மாதங்களுக்கு முன் செய்தது, இன்னொன்று மூன்று வருடம் பழையது. இரண்டிலும் புது டயரின் முள் மாதிரியான ரப்பர் இழைகள் அப்படியே இருந்தன, பளபளப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். நான் ஒரு வருடத்துக்கு மேல் பழையதை வாங்குவதில்லை.

சில டயர்களில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். சிலவற்றில் 'அவுட்சைடு' என்று இருக்கும், அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியைச் சுற்றி வந்து நான்கிலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

காற்றடிக்கும் ரப்பர் வால்வையும் டயரோடு சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய வால்வு காற்றைக் கசியவிட்டுப் புது டயரைக் கெடுக்கும். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் பேலன்ஸிங் கட்டாயம். இல்லாவிட்டால் 80, 100 வேகத்தில் ஸ்டியரிங் உதறும். பழைய டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டும் கட்டாயம். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை காற்றைச் சரிபார்ப்பவருக்கு அது அவசியமே இல்லை.

வண்டியை வெளியே எடுத்த பிறகு

புது டயரின் மேல்பரப்பில், அதை வார்த்த அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு ஒட்டியிருக்கும். பட்டனும் உயரமாக இருப்பதால் லேசாக நெளியும். முதல் 300 கிலோமீட்டருக்கு முன் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு, வளைவுகளில் நிதானமாக ஓட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சற்றுத் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. பிறகு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட்டால் நான்கும் சமமாகத் தேயும், அடுத்த முறை நான்கையும் ஒன்றாக மாற்றலாம்.

காற்று எவ்வளவு என்பதற்கு டயரின் சுவரைப் பார்க்காதீர்கள். அங்கே எழுதியிருக்கும் 44 அல்லது 51 பிஎஸ்ஐ அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கு உரியது இல்லை. கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருப்பதுதான் சரி. அதில் பெரும்பாலும் இரண்டு அளவு இருக்கும், ஒன்று இரண்டு மூன்று பேர் போகும்போது, மற்றது வண்டி நிறைந்திருக்கும்போது. முழுக் குடும்பமும் சாமானோடு கிளம்பும் நாளில் இரண்டாவது அளவுக்கு ஏற்றிவிடுங்கள், குறிப்பாகப் பின் டயர்களில்.

டயர் மாற்றிய அன்று கடையில் அடித்த காற்றை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து சரிசெய்யுங்கள். கருவி கையில் இருக்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் அளந்து, அதன் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.